சோளக்கதிரைத் தின்றது யார்? வீட்டு விளையில் ஸ்வீட் கார்ன்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

மூன்று வருடத்துக்கு முன், மாசி பாதியில் ஒரு காலை, என் விளையில் (தோட்டத்தில்) பதினோரு ஸ்வீட் கார்ன் சோளச்செடி தரையில் கிடந்தன. குமரி மாவட்டம் களியல் பக்கம், ரப்பர்த் தோட்டத்தை ஒட்டிய புரையிடம் (வீட்டைச் சுற்றிய நிலம்). இங்கே செடி விழுந்தால் பன்றி என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நானும் அப்படியே நினைத்து, மைனியிடம் பழைய சேலைகளை வாங்கி நாலு பக்கமும் கட்டினேன். மறுநாள் இன்னும் ஏழு செடி விழுந்திருந்தது. பாட்டா வந்து குனிந்து ஒரு தண்டை எடுத்துப் பார்த்தார். "பன்னி வந்தா இவ்ளவு மரியாதையா தின்னுட்டுப் போவுமா மக்கா? இது முள்ளம்பன்னியாக்கும்." தண்டின் அடியில் சின்ன உளியால் செதுக்கியதுபோல் பல் தடம். சேலைக்கு அடியில் மண் பறித்து நுழைந்த வழியையும் அவர்தான் காட்டினார்.

சேலைக்குக் காசு போகவில்லை. ஆனால் பதினெட்டுச் செடி போனது. அதிலிருந்து, எதையாவது வாங்கவோ கட்டவோ தெளிக்கவோ போகும் முன் செடியையும் மண்ணையும் பார்ப்பது என்று வைத்திருக்கிறேன். கீழே இருப்பதும் அந்த முறைதான். விதைப்பில் தொடங்கி அறுவடை வரை வரிசையாக இருக்கிறது. உங்கள் செடியில் என்ன தெரிகிறதோ நேராக அந்தத் தலைப்புக்குப் போகலாம்.

விதை போட்டு ஒரு வாரம் ஆகியும் முளை இல்லை

போட்ட இடத்தைக் கிளறி விதையைத் தேடுங்கள்.

விதை இருக்கிறது, அமுக்கினால் கூழாகிறது என்றால் அழுகல். ஸ்வீட் கார்ன் விதையைக் கையில் எடுத்துப் பார்த்தால் கிழவன் கன்னம்போல் சுருங்கியிருக்கும். சர்க்கரை அதிகம், மாவு குறைவு என்பதால் அப்படி. முளைக்குச் சாப்பாடாக இருக்க வேண்டியது அந்த மாவுதான். ஆகவே சாதாரண மக்காச்சோளம் தாங்கும் ஆழத்தையும் ஈரத்தையும் இது தாங்காது. 2 முதல் 3 சென்டிமீட்டர் ஆழம் போதும். மேற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கத்துச் செம்மண்ணில் பாத்தியை மேடாக்கி அதன் தோளில் போடுங்கள். போட்ட அன்று ஒரு தண்ணீர், பிறகு மண் லேசாகக் காய்ந்தபின் அடுத்தது. கடற்கரை மணலில் கதை நேரெதிர். அங்கே விதை அழுகுவதில்லை, முளைவிட்டு வெயிலில் காய்ந்துபோகும். தொழுஉரம் நிறையச் சேர்த்து, மேலே ஓலை மூடி, முளை தெரிந்ததும் ஓலையை எடுக்க வேண்டும்.

விதையே இல்லை, போட்ட இடங்களில் மட்டும் வரிசையாகச் சின்னக் குழி இருந்தால் எலி அல்லது அணில். எண்ணி வைத்ததுபோல் ஒவ்வொன்றாகத் தோண்டியிருக்கும். மண் அகலமாகச் சீய்க்கப்பட்டிருந்தால் கோழி அல்லது மயில்.

இப்போது நான் நேராக மண்ணில் போடுவதே இல்லை. சிரட்டையில் ஓட்டை போட்டு, மண்ணும் மக்கிய சாணமும் நிரப்பி, ஒரு விதை வீதம் போட்டுத் திண்ணையில் வைக்கிறேன். எட்டாம் நாள், பத்தாம் நாளுக்குள் வேர் கலையாமல் விளையில் இறக்கிவிட வேண்டும். அதற்கு மேல் போனால் சோளம் நடவைப் பொறுக்காது. முளைக்காத விதையின் இடமும் வீணாவதில்லை. ஒன்று மட்டும் கவனம்: கடையில் வரும் சிவப்பு, ரோஸ் நிறம் பூசிய விதை மருந்து கலந்தது. மிச்சத்தைக் கோழிக்குப் போடாதீர்கள், பிள்ளைகள் கையிலும் படவேண்டாம்.

முளைத்த செடி பிடுங்கிக் கிடக்கிறது

செடி முழுசாக வேரோடு கிடந்து, அடியிலிருந்த விதை மட்டும் காணோம் என்றால் பறவை. காகமும் மைனாவும் மயிலும் இதைச் செய்யும். தரை மட்டத்தில் கத்தரித்ததுபோல் செடி துண்டாகிக் கிடந்தால் வெட்டுப்புழு. அந்தச் செடியைச் சுற்றி விரலால் மண்ணைத் தோண்டினால் வளையமாகச் சுருண்டு படுத்திருக்கும். நசுக்கிவிட்டு அடுத்த செடிக்குப் போகலாம்.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி ஒரு மாதம் முழுக்க மயிலைத் திட்டிக்கொண்டிருந்தார். தேசியப் பறவை என்பதால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்று வேறு வருத்தம். சாம்பல் தூவிப் பார்த்தால் தடம் அவர் வீட்டு நாட்டுக்கோழியுடையது. மயில் தடம் கோழித் தடத்தைவிட நன்றாகவே பெரிது, விரித்த உள்ளங்கை அளவுக்கு வரும். எதுவானாலும் வைத்தியம் ஒன்றுதான்: முதல் இரண்டு வாரம் வலையோ, கீறிய ஓலையோ குறுக்கும் நெடுக்குமாக மேலே கிடக்கட்டும். செடி முழங்கால் தொட்டபின் அதைப் பிடுங்கும் வேலையைப் பறவைகள் விட்டுவிடும்.

இலை நிறம் மாறுகிறது

அடி இலையின் நுனியிலிருந்து நடு நரம்பு வழியாக மஞ்சள் 'வி' வடிவில் உள்ளே இறங்கினால் தழைச்சத்துக் குறைவு. ஓரம் மட்டும் கருகினால் சாம்பல் சத்து. இளஞ்செடி ஊதா நிறமானால் மணிச்சத்து கிடைக்கவில்லை. புளிப்பு மண்ணில் சத்து இருந்தும் வேருக்கு எட்டாது. குருத்து இலையின் அடிப்பக்கம் வெள்ளைப் பட்டையாக வெளுத்தால் துத்தநாகம்.

நம் மேற்குத் தாலுக்காக்களில் இத்தனை மழை சுண்ணாம்புச் சத்தைக் கழுவி இறக்கிவிடுவதால் மண் புளித்துத்தான் கிடக்கும். விதைப்புக்கு இரண்டு வாரம் முன்பே செண்டுக்கு 2 கிலோ சுண்ணாம்புத் தூள் கலந்துவிடுங்கள். பிறகு யூரியா செண்டுக்கு மொத்தம் ஒரு கிலோ. அதை 15-ஆம் நாள், 30-ஆம் நாள், கொண்டை வரும் முன் என மூன்றாகப் பிரித்துச் செடியைச் சுற்றி வைத்து மண் அணைக்க வேண்டும். மண் பரிசோதனைக்குத் திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது.

இலையின் அடியில் வெள்ளைப் பொடி படர்ந்து, மேலே வெளிர்க்கோடு ஓடினால் அது சத்துக்குறை அல்ல, அடிச்சாம்பல் நோய். அந்தச் செடியை உடனே பிடுங்கி எரித்துவிடுவது நல்லது.

செடி ஓங்கிப் போகிறது, தண்டு மட்டும் மெலிவு

மேலே பாருங்கள். தென்னை, பலா, மா, அயனி: குமரி மாவட்டப் புரையிடத்தில் நிழல் இல்லாத இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சோளத்துக்கு நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். தென்னை இடைவெளியில் வாழையும் சேம்பும் வருகிறதே, இது வராதா என்று கேட்பார்கள். செடி வரும், கதிர் வராது. வெயில் இல்லாத இடத்துக்கு உரத்தைக் கூட்டிப் பிரயோசனமில்லை. மொட்டைமாடியில் சாக்குப்பை வைத்தாவது பார்க்கலாம், தென்னை மூட்டில் வேண்டாம்.

இலையில் ஓட்டை, குருத்துக்குள் மரத்தூள்

இது படைப்புழு. அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி; 2016-ல் ஆப்பிரிக்காவில் நுழைந்தது, 2018-ல் கர்நாடகத்தில் கண்டறியப்பட்டது, அதே வருடமே தமிழ்நாட்டு மக்காச்சோளக் காடுகளுக்கும் வந்துவிட்டது. பெரிய காடுதான் அதற்கு வேண்டும் என்றில்லை, பத்துச் செடி இருந்தாலும் தாய் அந்து தேடி வந்து முட்டையிடும்.

முதல் அறிகுறி ஓட்டை அல்ல. இலையில் பச்சை சுரண்டப்பட்டு, கண்ணாடித்தாள் ஒட்டியதுபோல் வெள்ளைத் திட்டுகள் தெரியும். அந்த நிலையில் பிடித்தால் வேலை சுலபம். அடுத்து கிழிந்த பெரிய ஓட்டைகள், குருத்துக்குள் ஈர மரத்தூள் மாதிரி எச்சம். குருத்தைப் பிரித்தால் புழு இருக்கும். தலையில் தலைகீழான ஆங்கில 'ஒய்' எழுத்து, வால் பக்கம் சதுரமாக நாலு கரும்புள்ளி இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

வீட்டுத் தோட்டத்துக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஏக்கர்க்காரர் செடி செடியாகப் பார்க்க முடியாது, நாம் முடியும். முளைத்த பத்தாம் நாளிலிருந்து கொண்டை வரும்வரை இரண்டு நாளுக்கு ஒருமுறை, காப்பி குடித்த கையோடு போய் ஒவ்வொரு இலையையும் திருப்பிப் பாருங்கள். பஞ்சு ஒட்டியதுபோல் முட்டைக் குவியல் தெரிந்தால் விரலால் தேய்த்துவிடலாம். புழு குருத்துக்குள் போய்விட்டால், ஒன்பது பங்கு உலர் மணலுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு கலந்து குருத்தில் ஒரு சிட்டிகை போடுங்கள். மணல் அராவும், சுண்ணாம்பு சுடும். வேப்பங்கொட்டையை இடித்து லிட்டருக்கு 50 கிராம் வீதம் இரவு ஊறவைத்து, வடிகட்டி, துளி சோப்பு சேர்த்துச் சாயங்காலம் குருத்துக்குள் விழும்படி தெளிக்கலாம். கடை வேப்பமருந்து என்றால் 1500 பிபிஎம் அசாடிராக்டின், லிட்டருக்கு 5 மில்லி.

இதற்கும் அடங்காமல் பாதிச் செடிக்கு மேல் எச்சம் தெரிந்தால் எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்ஜி, 10 லிட்டருக்கு 4 கிராம், குருத்துப் பருவத்தில் ஒருமுறை. கதிர் வந்தபின் நான் மருந்து தொடுவதில்லை. பச்சையாகவே கடித்துத் தின்னும் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். கதிர் நுனியில் ஒரு புழு இருந்தால் அந்த இரண்டு அங்குலத்தை நறுக்கி எறிந்துவிட்டு மிச்சத்தை அவிக்கலாம்.

ஓட்டைகள் ஊசியால் குத்தியதுபோல் இலைக்குக் குறுக்கே ஒரே வரிசையில் இருந்து, நடுக்குருத்து காய்ந்து, இழுத்தால் கையோடு வந்தால் அது தண்டுத்துளைப்பான். அந்தச் செடி போனதுதான், பிடுங்கி அழியுங்கள்.

காற்றில் சாய்ந்தது

என் தங்கச்சி ஆரல்வாய்மொழியில் இருக்கிறாள். முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் அதே காற்று அவள் சோளத்தையும் சுற்றவைக்கிறது. ஆடிக்காற்றில் ஒரு தடவை மொத்தப் பாத்தியும் ஒரே திசையில் படுத்துவிட்டது. கொண்டை வருவதற்கு முன் சாய்ந்த செடியைத் தூக்கி நிறுத்த ஓடாதீர்கள். மூன்று நாலு நாளில் தானே முழங்கை மடக்கி மேலே எழும்பும். இழுத்து நிமிர்த்தினால் மிச்சமுள்ள வேரும் அறும். கொண்டை வந்தபின் சாய்ந்தால் மட்டும் மெதுவாக நிமிர்த்தி, அடியில் மண் அணைத்து, நாலைந்து செடியைச் சேர்த்து வாழைநாரால் தளர்வாகக் கட்டலாம்.

30-ஆம் நாள் மண் அணைப்பைத் தவறவிடாமல் செய்திருந்தால் பாதிச் சாய்வு வந்திருக்காது. தண்டின் கீழ்க்கணுவிலிருந்து இறங்கும் விழுது வேர்களுக்கு மண் வேண்டும். தங்கச்சி இப்போது காற்று வரும் பக்கம் இரண்டு வரிசை அகத்தி நட்டிருக்கிறாள். சாய்வு குறைந்தது, கீரையும் ஆயிற்று.

கதிர் பொக்கை வாயாக இருக்கிறது

என்னிடம் அதிகம் பேர் கேட்பது இதைத்தான், பூச்சியையோ பன்றியையோ அல்ல. உரம் போதவில்லையா என்பார்கள். பெரும்பாலும் உரம் அல்ல, வரிசை.

சோளத்தில் உச்சியில் விரியும் கொண்டை ஆண்பூ. நடுத்தண்டில் வரும் கதிர் பெண். கதிர் நுனியில் தொங்கும் ஒவ்வொரு நூலும் உள்ளே ஒரே ஒரு மணிக்குப் போகிறது. நூலில் மகரந்தம் விழுந்தால் மணி, விழாவிட்டால் ஓட்டை. மகரந்தத்தைக் கொண்டுபோவது தேனீ அல்ல, காற்று. கையாலை (எல்லைச் சுவர்) ஓரமாக ஒரே வரிசையில் இருபது செடி நட்டால் மகரந்தம் முழுக்க அண்ணாச்சி வீட்டுக் கிணற்றில் விழும். அதே இருபதை ஐந்துக்கு நாலாகச் சதுரமாக நட்டால் ஒன்றின்மேல் ஒன்று விழும். வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 25. இந்தக் கணக்கில் ஒரு செண்டில் சுமார் 270 செடி பிடிக்கும். அவ்வளவு வேண்டாம், நாலு வரிசைக்குக் குறையாமல் இருந்தால் போதும்.

பொக்கையின் வடிவம் காரணத்தைச் சொல்லும். நுனி மட்டும் காலியென்றால், அடிமணியின் நூல் முதலிலும் நுனிமணியின் நூல் கடைசியிலும் வெளிவருவதால், கடைசி நூல் வரும்போது மகரந்தம் தீர்ந்துவிட்டது. அல்லது அந்த வாரம் தண்ணீர் போதவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக மணி இருந்தால் மகரந்தமே குறைவு, இல்லையென்றால் பூச்சி நூலைக் கத்தரித்துவிட்டது. ஒரு பக்கம் முழுக்க இல்லையென்றால் நூல் ஒருபக்கமாக மடிந்து அடியிலிருந்தவை மூடிக்கொண்டன.

கை வைத்தியம் உண்டு. நூல் வெளியே தெரிந்த நாளிலிருந்து நாலு நாள், காலை எட்டு முதல் பத்து மணிக்குள், பனி காய்ந்தபின், கொண்டையை ஒரு காகிதப் பையில் வளைத்துத் தட்டுங்கள். மஞ்சள் பொடி விழும். அதை அப்போதே மற்றச் செடிகளின் நூலில் தூவ வேண்டும். மத்தியானத்துக்கு வைத்தால் செத்துவிடும். பத்துச் செடிக்கு ஐந்து நிமிட வேலை.

தூவியது பிடித்ததா என்று பார்க்க ஒரு கதிரைத் தியாகம் செய்யலாம். தோலை மெதுவாக உரித்து, கதிரைத் தலைகீழாகப் பிடித்து உதறுங்கள். சூல் பிடித்த நூல் உதிர்ந்துவிடும், பிடிக்காதது ஒட்டிக்கொண்டே இருக்கும். எத்தனை ஒட்டியிருக்கிறதோ அத்தனை ஓட்டை.

இதெல்லாம் மழையில் உதவாது. நனைந்த கொண்டை பொடி உதிர்ப்பதில்லை. நம் மாவட்டத்துக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. இரண்டு பருவமழையும் வாங்குகிற ஊர். விதைத்த 50-ஆம் நாள் வாக்கில் பூ வரும் என்று வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள். எனக்குத் தோதானது மார்கழி விதைப்பு: மாசியில் பூவும் கதிரும் வறண்ட காலத்தில் வரும். ஆனால் ஜூன் முதலில் திறக்கும் பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைத் தண்ணீரை வழக்கமாக பிப்ரவரி கடைசியோடு அடைத்துவிடுவார்கள். சானல் (கால்வாய்) தண்ணீரை நம்பித் தை கடைசியில் விதைத்தால் நூல் வருவதற்கு முன்பே தண்ணீர் நின்றுபோகும். கிணறு இல்லாதவர்கள் மார்கழித் தொடக்கத்தைத் தாண்ட வேண்டாம்.

கதிர் நிறைவு, ஆனால் இனிப்பு இல்லை

காரணம் மூன்றில் ஒன்று. முதலாவது, தாமதம். நூல் வெளிவந்து 18 முதல் 22 நாளுக்குள் பறித்தாக வேண்டும். நம் வெயிலில் 18-லேயே பார்க்கத் தொடங்குங்கள். நூல் காய்ந்து பழுப்பாக, தோல் பச்சையாக இருக்கும்போது நுனியை லேசாகப் பிரித்து ஒரு மணியில் நகத்தால் குத்துங்கள். தெளிந்த நீர் வந்தால் பொறுக்கலாம். பால் வந்தால் இன்றே. மாவு வந்தால் சூப்புக்கு ஆகும்.

இரண்டாவது, பறித்தபின் வைத்திருந்தது. கதிரிலுள்ள சர்க்கரை பறித்த கணத்திலிருந்து மாவாகிக்கொண்டே வரும். பழைய வகைகளில் நம் ஊர்ச் சூட்டில் ஒரே நாளில் பாதிக்கு மேல் போய்விடும். இப்போதைய அதிஇனிப்பு ஒட்டுவகைகள் சில நாள் தாங்கும். காலையில் பறித்து, உடனே அவியுங்கள் அல்லது தோலோடு ஃபிரிட்ஜில் வையுங்கள்.

மூன்றாவதை யாரும் சந்தேகப்படுவதில்லை: பக்கத்தில் யாரோ கோழித்தீவன மக்காச்சோளத்தை முளைக்கப் போட்டிருப்பார்கள். அதன் மகரந்தம் காற்றில் வந்து உங்கள் நூலில் விழுந்தால் அந்த மணி இந்த வருடமே மாவு மணியாகிவிடும். இரண்டும் பூக்கும் காலத்துக்கு நடுவே இரண்டு வாரம் இடைவெளி விடுவதுதான் வீட்டுத் தோட்டத்துக்குத் தோதான வழி. ஒட்டுவிதையின் கதிரிலிருந்து விதை எடுத்து அடுத்த வருடம் போட்டாலும் இதே ஏமாற்றம்தான்.

கதிரைக் காணோம், கடித்துக் கிடக்கிறது

இங்கே அவசரப்படாதீர்கள். மூன்று கேள்வி: பகலிலா இரவிலா? எந்த உயரத்தில்? என்ன மிச்சம் கிடக்கிறது? பதில் தெரியாவிட்டால் ஒரு இரவு பொறுத்து, பாத்தியைச் சுற்றி இரண்டடி அகலத்துக்கு அரித்த மணலோ சாம்பலோ தூவி மட்டமாக்கி வையுங்கள். காலையில் கோழி இறங்கும் முன் போய்ப் படியுங்கள்.

பாய் விரித்ததுபோல் செடிகள் நசுங்கி, தண்டு மிதிபட்டு, கதிர் தோலோடு சவைத்துத் துப்பியிருந்தால் காட்டுப்பன்றி. இரவு வேலை, கூட்டமாக வரும். பக்கத்தில் மரச்சீனி (மரவள்ளி) இருந்தால் அதையும் உழுது போட்டிருக்கும். தடம் ஆட்டுக்குளம்பு போலிருக்கும், ஆனால் பின்னால் இரண்டு பக்கமும் சின்னக் குளம்புப் புள்ளி பதிந்திருக்கும். சேலை வேலிக்கு முதல் வாரம் தயங்கும், பிறகு பழகிவிடும். அழுகிய முட்டைக் கரைசல், சலூனிலிருந்து வாங்கிய முடி, எரியும் ஓலைச்சூட்டு எல்லாவற்றுக்கும் இதே கதிதான். நாலு நாள் தடுக்கும். ஆனால் நமக்கு வேண்டியதே நாலைந்து நாள்தானே? மணி பால் பிடிக்கத் தொடங்கும் நாளிலிருந்து பறிக்கும் நாள்வரை மட்டும் இவற்றைப் பயன்படுத்தினால், பழகும் முன் கதிர் வீட்டுக்குள் வந்துவிடும். நடவு நாளிலிருந்து கட்டி வைத்துப் பன்றிக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு, கடைசியில் பலனில்லை என்கிறோம். இதே காரணத்தால் காட்டோரத்தில் வாரம் ஒரு பாத்தியாக விதைக்காதீர்கள். எல்லாம் ஒன்றாக விளையட்டும், ஒன்றாகப் பறியுங்கள். நாகர்கோவில் டவுனுக்குள் இருப்பவர்கள் தாராளமாகப் பிரித்து விதைக்கலாம்.

நிரந்தரமாக வேண்டுமென்றால் கையாலையை இடுப்பளவுக்குத் தூக்குவது, அல்லது கம்பி வலையின் அடி ஒரு அடி மண்ணுக்குள் போகும்படி கட்டுவது. சோலார் வேலி என்றால் கீழ்க்கம்பி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்க வேண்டும். பன்றி மூக்கால்தான் வேலியைச் சோதிக்கும். காட்டை ஒட்டிய இடங்களில் இதற்கு வனத்துறையிடம் பதிவு செய்ய வேண்டும், 2023-ல் தமிழக அரசு தனி விதிகளே போட்டிருக்கிறது.

செடி செடியாக அடித்தண்டில் செதுக்கி விழுத்தி, பக்கத்துச் செடியைத் தொடாமல் விட்டிருந்தால் முள்ளம்பன்றி. ஒரு முள்ளாவது உதிர்ந்து கிடக்கும், தேடுங்கள். அது தாண்டாது, மண்ணைப் பறிக்கும். வேலி உயரம் வீண், ஆழம் வேண்டும். நான் பழைய தகரத்தை ஒரு அடி புதைத்து ஒன்றரை அடி வெளியே நிற்கும்படி சுற்றிவிட்டேன். அதன்பின் என் தென்னங்கன்றைக் கடிக்கப் போய்விட்டது, அது வேறு கதை.

செடி நிற்கிறது, கதிர் நுனி மட்டும் நார் நாராகக் கிழிந்து மணி குடைந்திருந்தால், அதுவும் பகலில் நடந்தால், கிளி. காலையும் சாயங்காலமும் கீச்சென்ற சத்தத்தோடு வரும், ஒளிந்துகொள்ளத் தெரியாது. அணில் என்றால் கிழிசல் குறைவு, கீழே மணித்துணுக்கு சிதறியிருக்கும். அதே வேலை இரவில் நடந்து, தண்டில் ஏறிய அழுக்குத் தடமும் பக்கத்தில் புதுமண் குவிந்த வளையும் இருந்தால் எலி அல்லது பெருச்சாளி. பாத்தியைச் சுற்றிக் களையை மழித்து, வளை வாயில் பொறி வைக்கலாம். கிளிக்கும் அணிலுக்கும் ஒவ்வொரு கதிருக்கும் துணிப்பையோ காகிதப்பையோ மாட்டிக் கட்டுவதைவிட நல்லது எதுவும் நான் பார்க்கவில்லை. நூல் முழுக்கப் பழுப்பான பின்தான் மாட்ட வேண்டும். முந்தி மாட்டினால் மகரந்தமும் உள்ளே போகாது, கிளிக்காகப் பொக்கைக் கதிரைக் காவல் காத்த கதையாகும்.

கதிரே இல்லை, தோல் ஒழுங்காக உரிக்கப்பட்டு நாலு மரம் தள்ளிக் கிடக்கிறது, ஒரு கடி கடித்த கதிர் கூரைமேல் என்றால் குரங்கு. இதற்கு நேர்மையான பதில்: கூட்டமாக வரும் ஊரில், மேலும் பக்கமும் மூடிய கம்பிவலைக் கூண்டு இல்லாமல் ஸ்வீட் கார்ன் போடாதீர்கள். நாய் இருந்தால் கொஞ்சம் தள்ளிப்போகும். பாத்திக்கு மேல் நீளும் கிளைகளைக் கழித்தால் இறங்கும் வழி குறையும். பழம் கொடுத்துப் பழக்கும் வீடு தெருவில் ஒன்று இருந்தால் எல்லாம் போச்சு.

கீரிப்பாறை, பேச்சிப்பாறைப் பக்கம் வட்டமாகப் பெரிய தடம் தெரிந்தால் பாத்தியை மறந்துவிட்டு உள்ளே போய் வனத்துறைக்குச் சொல்லுங்கள். யானை வந்தால் டார்ச் எடுத்துக்கொண்டு சோளத்தைக் காக்க யாரும் போகவேண்டாம்.

கோபத்தில் செய்யும் மூன்று காரியம்

வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் விடுவது. அதில் சாவது பெரும்பாலும் கம்பி போட்டவரோ, இரவில் தண்ணீர் திருப்பப் போன பக்கத்து விளைக்காரரோதான். போலீஸ் வழக்கும் உண்டு. பழத்துக்குள் அவுட்டுக்காய் (கடித்தால் வெடிக்கும் நாட்டுவெடி) வைப்பது. பன்றிக்கு வைத்ததை மாடும் யானையும் கடிக்கும். விஷம் வைப்பது, முதலில் போவது உங்கள் நாய். மயில், 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. காட்டுப்பன்றி விஷயத்தில் 2025 ஜனவரியில் அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருவதைச் சுடலாம்தான். சுடுவது வனத்துறை ஆட்கள், நாமல்ல.

கதிர் பறித்தபின்னும் இரவில் எதுவோ வருகிறது

தட்டையை விளையிலேயே விட்டிருப்பீர்கள். பெரிய கதிருக்குக் கீழே இரண்டாவதாக விரல் நீளத்துக்கு ஒரு குட்டிக் கதிர் ஒளிந்திருக்கும். அதன் மணம் போதும் பன்றிக்கு. பறித்த அன்றே தட்டையை அடியோடு வெட்டி, மாடு வைத்திருப்பவருக்குக் கொடுத்துவிடுங்கள், பச்சைத்தட்டை மாட்டுக்கு நல்ல தீனி. எங்கள் பக்கம் அதற்குப் பதிலாக ஒரு கடவம் (கூடை) சாணம் வரும். அதை அடுத்த மார்கழிக்கு மக்க வைக்கிறேன்.